பத்து விரல் சராசரி

2021 செப்டம்பர் 28, செவ்வாய். அருப்புக்கோட்டை

ஊட்டிக்குப் போவது என்று முடிவாகிவிட்டது. முடிவு செய்தது நான் அல்ல. காலையில் காபியை வைத்துவிட்டுக் கனி சொன்னாள்: "ரெண்டு ஊசியும் போட்டாச்சு. ஊட்டியத் திறந்துட்டாங்கன்னு டிவியிலயும் சொல்லிட்டாங்க. இனிமே என்ன சாக்கு சொல்றீங்கன்னு பாக்குறேன்."

சாக்கு என்கிறாள். 1989 ஆவணியில் எங்களுக்குக் கல்யாணம். ஐப்பசியில் ஊட்டி போவதாக இருந்தது. கிளம்புவதற்கு முதல்நாள் மேலிடத்து உத்தரவு வந்தது: தீபாவளிக்கு முன்னால் கடைகளில் திடீர்ச் சோதனை. நான் எடை அளவு முத்திரை ஆய்வாளர். தராசு சரியாக இருக்கிறதா, படிக்கல்லில் அரசு முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. எட்டு நாள் சாத்தூர்ப் பக்கம் சுற்றிப் பதினேழு கள்ளத் தராசுகளைப் பிடித்துக்கொண்டு வந்தேன். இதில் என் குற்றம் என்ன என்று முப்பத்திரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவள் பதில் சொல்வதில்லை. அந்தப் பயணத்துக்கென்று வாங்கிய மெரூன் ஸ்வெட்டரை வருடத்துக்கு ஒருமுறை பீரோவிலிருந்து எடுத்து வெயிலில் காயப்போடுவாள். அருப்புக்கோட்டை வெயிலில் கொடியில் ஸ்வெட்டர் தொங்குவதைத் தெருவே நின்று வேடிக்கை பார்க்கும்.

போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. போனபடியே இரண்டு பேராகத் திரும்பி வரவேண்டும். அவ்வளவுதான்.

செப்டம்பர் 30, வியாழன்

ஆயத்தப் பணிகள் நடக்கின்றன. ஆளுக்குப் பத்து முகக்கவசம். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. சானிடைசர் அரை லிட்டர் பாட்டில் நான்கு. கபசுரக் குடிநீர்ப் பொடி. ஆவி பிடிக்க மின்சாரச் செம்பு. கற்பூரமும் ஓமமும் துணியில் கட்டி மோந்து பார்க்கும் மூட்டை, ஆளுக்கு ஒன்று. தடுப்பூசிச் சான்றிதழ், இ-பதிவுச் சீட்டு இரண்டையும் லேமினேட் செய்துவிட்டேன். லேமினேட் செய்தால் சானிடைசரில் துடைக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஆக்சிமீட்டர். விரலில் கிளிப் போல மாட்டினால் ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று எண்ணில் காட்டும். மே மாதம் வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்பது இந்தக் குறிப்புக்கு அவசியமில்லை.

கருவிகளிடம் எனக்கு மரியாதை உண்டு. "தராசு பொய் சொல்லாது, தராசைப் பிடிக்கிற கைதான் பொய் சொல்லும்." என் பணி நிறைவு விழாவில் நான் சொன்ன வாசகம் இது. நிறையப் பேர் கைதட்டினார்கள்.

கனியிடம் அதை நினைவூட்டினேன். "பருப்புப் பொடி எத்தன பாட்டில் வைக்க?" என்றாள்.

அக்டோபர் 3, ஞாயிறு

நாளை கிளம்ப வேண்டும். பெட்டி கட்டவேண்டிய நேரத்தில் மருதாணி!

பக்கத்து வீட்டு நூர்ஜகான் தன் வீட்டு மரத்தில் பறித்து, கொட்டைப்பாக்கு போட்டு, மையாக அரைத்துக் கிண்ணம் நிறையக் கொண்டுவந்துவிட்டாள். நான் தலையிட்டேன். மருதாணி குளிர்ச்சி. ஊட்டியும் குளிர்ச்சி. இரண்டு குளிர்ச்சி சேர்ந்தால் சளி, சளி வந்தால் காய்ச்சல், காய்ச்சல் வந்தால் செக்போஸ்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நீண்ட விவாதத்துக்குப் பிறகு ஒரு சமரசம் ஏற்பட்டது. கையில் வைத்துக்கொள்ளலாம், காலில் கூடாது.

உள்ளங்கையில் ஒரு நிலா, சுற்றிப் புள்ளிகள். பத்து விரலுக்கும் நகம் மூடத் தொப்பி.

"நல்லா செவந்துச்சுன்னா அண்ணனுக்கு உங்க மேல ஆச ஜாஸ்தின்னு அர்த்தம்க்கா" என்றாள் நூர்ஜகான், எனக்குக் கேட்கவேண்டும் என்றே. இதற்கு எந்தச் சட்டத்திலும் ஆதாரம் கிடையாது. சிவப்பை எந்த அலகில் அளப்பது? அப்படியே போய்விட்டேன்.

இரண்டு கையும் முடங்கியதால் பெட்டி கட்டியது நான். சாயங்காலம் தோசை சுட்டது நான். ஊட்டிவிட்டதும் நான். மாஸ்க் போட்டுக்கொண்டுதான் ஊட்டிவிட்டேன்.

அக்டோபர் 4, திங்கள். மேட்டுப்பாளையம்

வாடகைக் காரில் வந்து சேர்ந்தோம். ஏறுவதற்கு முன் டிரைவரை அளந்தேன்: 98. நல்ல பையன். வழியில் எந்த ஓட்டலிலும் நுழையவில்லை. ஒரு புளியமரத்தடியில் புளியோதரை சாப்பிட்டோம். ஜன்னல்கள் முழுவதும் திறந்தே இருந்ததால் கனியின் தலை, வந்து இறங்கும்போது மாரியம்மன் கோயில் சாமியாடிபோல ஆகிவிட்டது.

விடுதி வாசலில் ஒரு பெண் துப்பாக்கி மாதிரிக் காய்ச்சல் பார்க்கும் கருவியை என் நெற்றிக்கு நீட்டினாள். 93.2 என்று காட்டியது. "நார்மல் சார், உள்ள போங்க" என்றாள். அந்த அளவில் ஒரு மனிதன் இருந்தால் அவனை உள்ளே அனுப்பக்கூடாது, வீட்டாருக்குச் சொல்லி அனுப்பவேண்டும் என்று விளக்கினேன். கருவியில் சரிபார்த்த முத்திரை எங்கே என்று கேட்டேன். பின்னால் வரிசை நீண்டுவிட்டது.

கனி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஒங்க மிஷின்ல முத்திரை எங்க இருக்கு?"

கேள்வி சரியானதுதான். ஆனால் சந்தர்ப்பம் சரியில்லை.

மாலை அளவு: நான் 97. கனி 96.

அக்டோபர் 5, செவ்வாய். மலை ரயிலில்

இந்தக் குறிப்பை வண்டி நிற்கும் இடங்களில் எழுதுகிறேன். எழுத்துக் கோணலுக்கு ரயில்வே பொறுப்பு.

கல்லாறு. கனி 95. நான் 97.

ஹில்குரோவ். இன்ஜின் தண்ணீர் குடிக்கிறது. கனி 93. கையைச் சூடு வரத் தேய்த்துவிட்டு மறுபடி மாட்டினேன். 93.

எதிர் இருக்கையில் இருந்த சென்னைக்காரர் "எனக்கும் ஒரு தடவை பாருங்க சார்" என்று விரலை நீட்டினார். காலையில் அவர் வீட்டில் 98 இருந்ததாம். இப்போது 96. அவர் மனைவி 95. செய்தி பரவிப் பெட்டி முழுவதும் விரலை நீட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொருவருக்கும் சானிடைசரில் துடைத்துத் துடைத்துப் பதினான்கு பேரை அளந்தேன். எல்லோருக்கும் ஒன்றிரண்டு குறைவு. "அப்ப நம்ம பெட்டியில யாருக்கோ இருக்குது" என்றார் சென்னைக்காரர். எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். ஒருவர் தும்மலை அடக்கப்போய்க் கண்ணில் நீர் வந்து தவித்தார்.

குன்னூர். 92.

லவ்டேல். 91. எனக்கு 95.

வழியில் பாலங்களும் சுரங்கமும் அருவியும் வந்ததாகக் கனி சொன்னாள். ஒவ்வொரு தடவையும் "அங்கிட்டுப் பாருங்க, அங்கிட்டுப் பாருங்க" என்று கையை நீட்டினாள். நீட்டிய கையில் நான் மிஷினை மாட்டினேன்.

ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பித்தான் எதுவும் பூட்டவில்லை, எட்டவில்லை. ஜன்னலில் முகத்தை வைத்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்து வெகு காலம் ஆகிறது. அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

அதே நாள், மாலை. ஊட்டி

ஏரிக்கு மேலே மேட்டில் ஒரு சிறிய தங்கும் விடுதி. நான்கே அறை, மற்ற மூன்றும் காலி. அதற்காகத்தான் தேர்ந்தெடுத்தேன். பார்த்துக்கொள்பவர் பெயர் போஜன், உள்ளூர்க்காரர், என் வயது இருக்கும். பெட்டியைத் தூக்க வந்தவரை முதலில் அளந்தேன். 94.

"உடனே போய்ப் படுங்க" என்றேன்.

"எதுக்குங்க சார்? இப்பத்தான் எட்டு மூட்ட உருளைக்கெழங்கு லாரியில ஏத்திட்டு வர்றேன்."

"மூச்சு வாங்குதா?"

"எட்டு மூட்ட தூக்குனா வாங்காதுங்களா?"

கனியின் அளவு 90. சன்னல் வழியாகத் தைலமரங்களுக்கு நடுவே ஏரி கொஞ்சம் தெரிகிறது. படகுகள் போவதும் தெரிகிறது. "நாளைக்குக் காலையில மொத வேல அதான்" என்றாள். பார்க்கலாம் என்றேன்.

அக்டோபர் 6, புதன்

காலை 6 மணி: 88.

படகு கிடையாது. வெளியே போவது கிடையாது. அறையில் முழு ஓய்வு என்று உத்தரவு போட்டுவிட்டேன்.

"எனக்கு என்ன செய்யிது? ஒண்ணும் செய்யலையே. பசிக்குது, அவ்வளவுதான்."

அதுதான் ஆபத்து என்று விளக்கினேன். இந்த நோயில் 'ஹேப்பி ஹைபாக்சியா' என்று ஒன்று இருக்கிறது. உள்ளே ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே போகும், ஆள் சிரித்துப் பேசிக்கொண்டு நன்றாக இருப்பதுபோலத் தெரிவார். அதாவது, மகிழ்ச்சியாக இருப்பதே நோய்க்குறி.

"அப்ப கல்யாணம் ஆன நாள்லருந்து எனக்கு இந்த நோய் வந்ததே இல்ல" என்றாள்.

இந்த நிலையிலும் கேலி. அதையும் அறிகுறிகளில் சேர்த்துக்கொண்டேன்.

பிற்பகல் 2 மணி

கவிழ்ந்து படுத்தால் நுரையீரல் விரியும் என்று படித்திருக்கிறேன். கனியைக் கவிழ்த்துப் படுக்க வைத்திருக்கிறேன். தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது: "மெத்த நல்லாத்தான் இருக்கு. இத அருப்புக்கோட்டையிலயே ஒண்ணு வாங்கிப் போட்டிருந்தா இம்புட்டு தூரம் வந்திருக்க வேண்டியதில்ல."

போஜன் மதியச் சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனார். என் ஏற்பாடு. அரைக் கிலோ உருளைக்கிழங்கு வறுவலை ஒருத்தியாகச் சாப்பிட்டாள். ருசி தெரிகிறது, வாசனை தெரிகிறது. இருமல் இல்லை. காய்ச்சல் இல்லை. எண் மட்டும் இறங்குகிறது.

கருவியில் பிழை இருக்குமோ என்று என் விரலில் ஆறு முறை போட்டுப் பார்த்தேன். ஆறு முறையும் 95. புது பேட்டரி போட்டேன். 95. கருவி சரியாக இருக்கிறது. ஆகவே குறை கனியிடம்தான்.

மாலை 5 மணி

87.

தம்பி ஜெயக்கொடியைப் பற்றி இங்கே எழுதவேண்டாம் என்றிருந்தேன்.

மே 11ஆம் தேதி போன் செய்தான். "அண்ணே, எண்பத்தெட்டு காட்டுது, எனக்கு ஒண்ணும் செய்யல, சும்மா போய்க் காட்டிட்டு வந்துர்றேன்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன். "போயிட்டு வா" என்றேன். ஸ்கூட்டரில் அவனே ஓட்டிக்கொண்டு போனான். ஸ்கூட்டரை நான் போய் எடுத்து வந்தேன்.

அக்டோபர் 7, வியாழன்

காலை 6: 87. காலை 8: 86. ஆவி பிடித்தபின்: 86.

மகள் பொன்மலர் சென்னையிலிருந்து கூப்பிட்டாள். விவரம் சொன்னேன். "அப்பா, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். பார்க்கலாம் என்றேன். கத்தினாள். சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவளை ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோவார்கள். என்னை இந்தப் பக்கம் நிறுத்துவார்கள்.

பிற்பகல் 3 மணி

ஒரு விரலை நம்பி முடிவெடுப்பது முறையல்ல. சந்தேகம் வந்தால் பல இடத்தில் அளந்து சராசரி எடுக்கவேண்டும் என்பது துறையின் வழக்கம். பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் கொடுத்து அளந்தேன். இடது மோதிர விரல் மட்டும் 84. மோதிரத்தைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன், அப்போதும் 84.

பத்து விரல் சராசரி: 86.4.

கனி கையைக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன பாக்குற?" என்றேன். "ஒண்ணுமில்ல. நீங்க எண்ணுங்க" என்றாள்.

மாலை 6 மணி

எனக்குப் பயமாக இருக்கிறது. இதைச் சுற்றி வளைத்து எழுதப் பார்த்தேன், வரவில்லை. கனி போய்விட்டால் எனக்கு ஒரு காபி போடத் தெரியாது என்பது அல்ல விஷயம். காபி போடக் கற்றுக்கொள்ளலாம்.

அக்டோபர் 8, வெள்ளி

இன்று நிறைய எழுதவேண்டியிருக்கிறது. எழுதக் கூச்சமாகவும் இருக்கிறது. ஆனால் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இருக்கலாம், பக்கத்தைக் கிழிக்கக்கூடாது.

காலையில் கண் விழித்தால் கனி ஸ்வெட்டரைப் போட்டு, தலை சீவி, செருப்போடு நின்றுகொண்டிருந்தாள். படுக்கையில் உட்கார்ந்தபடியே மிஷினைத் தேடினேன். அவள் கையில் வைத்திருந்தாள்.

"கெளம்புங்க. ஆஸ்பத்திரிக்கு."

"கனி, கொஞ்சம் பொறு. இன்னைக்கு ஒரு நாள் பாத்துட்டு..."

"ஒண்ணு என்னைய அங்க படுக்க வச்சிருவாங்க, இல்ல படகுல ஏறச் சொல்லிருவாங்க. ரெண்டுல ஒண்ணு இன்னைக்குத் தெரிஞ்சாகணும். இந்த ரெண்டும் இல்லாம, ஊட்டி வரைக்கும் வந்து மெத்தைய மோந்துக்கிட்டுக் கெடக்க என்னால ஆகாது."

நான் எழுந்திருக்கவில்லை. என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. ஜெயக்கொடி பெயரைச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

கனி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "அது எனக்குத் தெரியாதாக்கும்? நீங்க அந்த மிஷின வாங்குன அன்னைக்கே தெரியும். தம்பி ஒத்தையில போச்சு. நான் ஒத்தையிலயா போறேன்? நீங்கதான கூட வரப்போறீங்க. எந்திரிங்க."

எழுந்தேன்.

போஜன் தன் ஜீப்பில் அரசு சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார். வாசல் பந்தலில் ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும். முகக்கவசத்துக்கு மேலே களைத்த கண்கள். என் நோட்டை அவரிடம் நீட்டினேன். தேதி, மணி, விரல், அளவு என்று நான்கு நாள் பதிவு, சிவப்பு மையில் அடிக்கோடு. சராசரியையும் காட்டினேன்.

நர்ஸ் நோட்டைப் பார்த்தார். கனியைப் பார்த்தார். "படியேறி வந்தீங்களேம்மா, மூச்சு வாங்கலையா?"

"எனக்கு வாங்கல. இவருக்குத்தான் வாங்குது."

"கையக் குடுங்க" என்று கனியின் கையை வாங்கினார். மிஷினை எடுத்தார். எடுத்த மிஷினைக் கீழே வைத்தார்.

"சார், இது என்ன?"

"வலது ஆள்காட்டி விரல்."

"அது தெரியுது சார். விரல்ல என்ன?"

பார்த்தேன்.

விரல் நுனியில் நகத்தோடு சேர்த்து முதல் கணு வரைக்கும் கறுப்பு என்று சொல்லத்தக்க சிவப்பு. பத்து விரலிலும். கிளம்பிய அன்று வெறும் ஆரஞ்சாக இருந்தது, நாளாக ஆக ஏறி ஏறி இப்படி ஆகியிருக்கிறது.

"மருதாணி" என்றேன்.

"இந்த மிஷின் விரலுக்குள்ள வெளிச்சம் விட்டுப் பாக்குற மிஷின் சார். மருதாணி வச்சிருந்தா, நகப்பூச்சு போட்டிருந்தா, சில நேரம் தப்பாக் காட்டும். கை சில்லுன்னு இருந்தாலும் அப்படித்தான். கால்லயும் வச்சிருக்கீங்களாம்மா?"

"எங்க? குளிர்ச்சின்னு கால்ல வைக்க விடலையே இவரு."

"நல்லதாப் போச்சு." நர்ஸ் குனிந்து கனியின் கால் விரலில் அவர்கள் மிஷினை மாட்டினார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். போஜனும் ஜீப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்.

95.

பிறகு என் மிஷினை அதே கால் விரலில் மாட்டினார். 95.

"இந்த மலையில நாங்க எல்லாருமே தொண்ணூத்தி நாலு, தொண்ணூத்தி அஞ்சுதான் சார். காத்து கொஞ்சம் லேசு" என்றார். என் விரலில் போட்டார். 94. "உங்களுக்குத்தான் ஒண்ணு கம்மி."

"அன்னைக்கு சார் என்னையப் படுக்கச் சொன்னப்பவும் தொண்ணூத்தி நாலுதானுங்க" என்றார் போஜன், யாரும் கேட்காமலே.

இருந்தாலும் டாக்டரிடம் அனுப்பினார்கள். நெஞ்சில் வைத்துக் கேட்டார். வராந்தாவில் ஆறு நிமிடம் நடக்கச் சொன்னார். கனி நடந்து முடித்து நின்றாள். கூட நடந்த நான்தான் பெஞ்சில் உட்கார்ந்தேன். மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்கள், எனக்கும் சேர்த்து. அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டார்கள்: இருவருக்கும் ஒன்றுமில்லை.

அந்த அரை மணி நேரம் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது நர்ஸ் மறுபடி என் நோட்டைப் புரட்டினார்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ சார் அளந்தீங்க?"

"ஆறு. நேத்து மட்டும் பதினாறு."

"அத்தன தடவ கையப் புடிச்சீங்க. இது ஒரு தடவகூடக் கண்ணுல படலையா?"

படவில்லை. எண்ணைத்தான் பார்த்தேன். தராசைப் பிடிக்கிற கைதான் பொய் சொல்லும் என்று மேடையில் சொன்னவன் நான். பதினேழு தராசுகளைப் பிடித்தபோது ஒவ்வொன்றிலும் முதலில் கையைத்தான் பார்த்தேன். இந்தக் கையைப் பார்க்கவில்லை.

நர்ஸ் கனியின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "நல்லா செவந்திருக்கும்மா. சாருக்கு உங்க மேல அம்புட்டு ஆச போல."

"ஆசன்னு வாயால சொல்ல மாட்டாரு" என்றாள் கனி. "பத்து வெரலையும் அளந்து சராசரி போட்டுத்தான் சொல்லுவாரு."

நர்ஸ் சிரித்தார். போஜன் சிரித்தார். களைத்த கண்களோடு வரிசையில் நின்றவர்களும் எதற்கென்று தெரியாமல் சிரித்தார்கள். என் முகக்கவசத்துக்குள் எனக்கும் ஏதோ வந்தது. அது சிரிப்புதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

பொன்மலருக்குப் போன் செய்தேன். "அம்மாவுக்கு என்னப்பா?" என்று அழுகிற குரலில் கேட்டாள். "மருதாணி" என்றேன். வெகுநேரம் பேச்சே இல்லை. இந்தத் தடவை உண்மையிலேயே சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன்.

மழை பிடித்துவிட்டது. இன்று படகு இல்லை.

அக்டோபர் 9, சனி

நாளை காலை ஊர் திரும்பவேண்டும். இன்று விட்டால் இல்லை.

விடியும்போதும் மழை தூறியது. கனி சன்னலோரம் நின்றாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பதினோரு மணிக்கு வெயில் எட்டிப் பார்த்ததும் நானே செருப்பை எடுத்துப் போட்டேன்.

மிதி படகு. ஆளுக்கு ஒரு மிதிகட்டை. ஸ்வெட்டருக்கு மேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டிவிட்டார்கள். அதற்கு மேல் இரண்டு முகக்கவசம். கனி கண்கள் மட்டுமாக இருந்தாள். நடு ஏரிக்குப் போகும்வரை நான்தான் மிதித்தேன். அவள் மிதிப்பதாகப் பாவனை செய்தாள் என்பது படகு சுற்றிச் சுற்றி வந்தபோதுதான் தெரிந்தது.

நடுவில் வந்ததும் நிறுத்தினோம். பக்கத்தில் படகு எதுவும் இல்லை. முகக்கவசத்தைக் கழற்றலாம் என்று அனுமதித்தேன். அவள் முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள்.

"இன்னைக்கு அளக்கலையா?" என்றாள்.

"மிஷின ரூம்ல மறந்து வச்சுட்டேன்."

நான் எதையும் மறப்பவன் அல்ல என்பது அவளுக்குத் தெரியும். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள்:

"எம்பத்தொம்பதுலயும் வச்சிருந்தேன். இதவிட நல்லா செவந்துச்சு. நீங்க வர எட்டு நாளாச்சு. அதுக்குள்ள பாத்திரம் வெளக்கி வெளக்கிப் போயிருச்சு."

முப்பத்திரண்டு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு இதுதான் பதில் போலிருக்கிறது. ஏரிக் காற்று சில்லென்று அடித்ததில் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஊட்டியில் இது சகஜம் என்று போஜன் சொல்லியிருக்கிறார்.

"கையக் காட்டு" என்றேன்.

இரண்டு கையையும் விரித்து நீட்டினாள். மிஷின் இல்லாமல், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். உள்ளங்கையில் நிலா. சுற்றிப் பதினொரு புள்ளிகள். பத்து விரலிலும் தொப்பி. இடது மோதிர விரலில்தான் சிவப்பு அதிகம். அங்கேதான் 84 காட்டியிருந்தது.

"எம்புட்டு?" என்றாள்.

"நல்லா செவந்திருக்கு, கனி."

"நேர்ல பாத்தீங்களா, இல்ல சராசரியா?"

"நேர்ல பாத்தேன்."

கையை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. நானும் விடவில்லை. படகு தானாகவே கரைக்குப் போகட்டும் என்று இருந்தோம். அது போகவில்லை. கடைசியில் நேரம் முடிந்துவிட்டது என்று படகுக்காரர் விசில் ஊதி, இன்னொரு படகில் வந்து எங்களை இழுத்துக்கொண்டு போனார்.

கரையில் இறங்கியதும் பழக்கத்தில் சானிடைசர் பாட்டிலை எடுத்தேன். கனி கையை நீட்டினாள். ஐந்து நாளாக நான் போட்ட சானிடைசரில் நிலாவின் ஓரம் லேசாக வெளுக்கத் தொடங்கியிருந்தது.

மூடியைத் திருகிப் பாட்டிலைப் பைக்குள் வைத்துவிட்டேன்.